வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் 'அமெரிக்க நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு' என்ற தலைப்பு வராத வாரம் அரிது. அதிரடி இருக்கட்டும். எந்த நீதிமன்றம், அது தீர்ப்பா இடைக்காலக் கட்டளையா, அதற்கு மேலே போக வழி உண்டா என்பவற்றில் ஒன்றாவது செய்திக்குள் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

நான் திருகோணமலை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடப்பதை எதிரிக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழில் சொல்வது என் தொழில். கூண்டிலிருந்து இறங்கியவர்கள் சட்டத்தரணியிடம் கேட்கத் தயங்கி என்னிடம் வருவார்கள். மூதூரிலிருந்து வந்தவரானாலும் தம்பலகாமத்திலிருந்து வந்தவரானாலும் கேள்வி ஒன்றுதான்: "அம்மா, வழக்கு முடிந்துவிட்டதா?" பிணை கிடைத்ததையே விடுதலை என்று எண்ணி, பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு, அடுத்த தவணைக்கு வராமல் பிடியாணை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. தவணை போட்டதைத் தண்டனை என்று நினைத்து விறாந்தையில் விழுந்து அழுத தாய்மாரும் உண்டு. வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாதவருக்குச் சட்டத்தில் வேறு எதைச் சொன்னாலும் ஏறாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அமெரிக்கச் செய்தி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உவர்மலையில் எங்கள் ஒழுங்கைக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் கடந்து இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவின் மகள் நியூ ஜேர்சியில் குடியுரிமை பெற்று வாழ்கிறாள். அண்மையில் அவளுக்கு அங்குள்ள சமஷ்டி, அதாவது மத்திய அரசின், மாவட்ட நீதிமன்றத்திலிருந்து ஓர் அழைப்பாணை வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டு சொன்னதை அக்கா அழுதுகொண்டு கேட்டிருக்கிறார். அழைப்பாணை என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே. மாலைக்குள் உறவினர் ஒருவர் கொழும்பில் நல்ல சட்டத்தரணி பிடித்துத் தருவதாகச் சொல்லியும் முடித்துவிட்டார். தொலைபேசியில் வந்த படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். மேலே ஒரு பட்டைக் குறி, வரவேண்டிய திகதி, அதன் கீழே வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று ஒரு பந்தி. குற்றம் செய்தவரை அழைக்கும் எந்த நீதிமன்றம் வாகனத் தரிப்பிடத்துக்கு வழி சொல்லும்? அது ஜூரி கடமைக்கான, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் அமர்வதற்கான, அழைப்பு. 18 வயது நிரம்பிய குடிமக்களை அங்கே இப்படித்தான் கூப்பிடுவார்கள். சமஷ்டி நீதிமன்றமானால் நாளொன்றுக்கு 50 டொலரும் கொடுப்பார்கள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்ட அடுத்த கேள்வி, "அப்படியென்றால் இவள் நீதவானா?" என்பது. அரைவாசி சரி என்றேன்.

அங்கே வழக்கின் உண்மைகளை முடிவு செய்வது ஜூரியின் வேலை. சட்டம் எது என்று சொல்வதும், எந்தச் சாட்சியத்தைக் கேட்கலாம் என்று தீர்மானிப்பதும் நீதிபதியின் வேலை. பாரிய குற்ற வழக்கு என்றால் பொதுவாக 12 பேர், அவர்கள் அனைவரும் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். ஒருமனதாக இல்லாமலே குற்றவாளியாக்கும் வழக்கம் லூசியானாவிலும் ஒரிகனிலும் நீண்டகாலம் இருந்தது. 2020இல் அந்த நாட்டின் உச்சியிலுள்ள உயர் நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. ஆனால் வழக்குகளில் பெரும்பாலானவை ஜூரியைக் காண்பதே இல்லை என்பதையும் எழுத வேண்டும். குற்றவாளியானவர்களில் 90 வீதத்துக்கும் மேற்பட்டோர் அரசதரப்போடு பேரம் பேசி, தண்டனைக் குறைப்பை எதிர்பார்த்துத் தாமாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்.

அடுத்தது, அங்கே இருப்பது ஒரு நீதிமன்ற அடுக்கு அல்ல. 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அடுக்கு, அவற்றுக்குப் பக்கத்தில் சமஷ்டி அரசின் அடுக்கு வேறு. சமஷ்டிப் பக்கத்தில் கீழே 94 மாவட்ட நீதிமன்றங்கள், நடுவில் 13 மேன்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் 9 நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்றம். கொலை, களவு, விவாகரத்து, காணித் தகராறு என்று நாம் அன்றாடம் காணும் வழக்குகள் எல்லாம் பெரும்பாலும் மாநிலப் பக்கத்தில்தான் நடக்கின்றன. சமஷ்டி கேட்டு 1956இல் இதே திருகோணமலையில் மாநாடு கூட்டிய கட்சிக்குத் தலைமுறை தலைமுறையாக வாக்களித்தவர்கள் நாம். ஒரு சமஷ்டி நாட்டில் நீதிமன்றம் எப்படி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.

இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 மே 30 அன்று டொனால்ட் ட்ரம்ப் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நியூயோர்க் ஜூரி ஒன்று முடிவு சொன்னது. 'அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் தீர்ப்பு' என்று இங்கே பலர் பேசிக்கொண்டார்கள். நியூயோர்க் மாநிலத்தில் 'சுப்ரீம் கோர்ட்' என்ற பெயர் விசாரணை நடத்தும் நீதிமன்றத்துக்கு உரியது. அதற்கு மேலே இன்னும் இரண்டு படிகள் அந்த மாநிலத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2025 ஜனவரி 10 அன்று எந்தத் தண்டனையும் விதிக்காமல் அவரை விடுத்தார்கள், ஆனால் குற்றவாளி என்ற முடிவு அப்படியே நின்றது. சில நாட்களில் அவர் மீண்டும் ஜனாதிபதியானார். 2021இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த வழக்குகளில் சிக்கிய ஏறத்தாழ 1,500 பேருக்குப் பதவியேற்ற அன்றே மன்னிப்பு வழங்கினார். நியூயோர்க் வழக்கில் மட்டும் தமக்குத் தாமே அப்படிச் செய்துகொள்ள வழியில்லை. ஜனாதிபதியின் மன்னிப்பு சமஷ்டிக் குற்றங்களுக்கு மட்டுமே செல்லும், மாநிலக் குற்றத்தைத் தொடாது. இங்கே மிருசுவிலில் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரணதண்டனை பெற்ற சிப்பாய் 2020 மார்ச்சில் நம் ஜனாதிபதியின் ஒரு கையெழுத்தோடு வெளியே வந்ததைப் பார்த்த நமக்கு, கையெழுத்து எட்டாத நீதிமன்றம் ஒன்று இருக்கிறது என்பது சிறிய செய்தியா? அந்த ஒரு வரியை எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் போடவில்லை.

இடைக்காலக் கட்டளைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மண்ணில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தானாகக் குடியுரிமை கிடைக்காது என்று 2025 ஜனவரி 20 அன்று ஒரு ஜனாதிபதிக் கட்டளை வந்தது. மூன்றே நாட்களில் சியாட்டிலில் ஒரு சமஷ்டி மாவட்ட நீதிபதி அதைத் தற்காலிகமாக நிறுத்தினார். ஜூன் 27 அன்று உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கூறியது. உடனே இங்கே கர்ப்பிணி மகள்மாரைக் கொண்ட வீடுகளில் கலக்கம். உண்மையில் அன்று தீர்மானிக்கப்பட்டது, ஒரு மாவட்ட நீதிபதி முழு நாட்டுக்கும் சேர்த்துத் தடை போடலாமா என்பது மட்டுமே. அந்தக் கட்டளை அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்ற கேள்வியை அன்றைய தீர்ப்பு தொடவே இல்லை. 'தொடவில்லை' என்று ஒரு வசனம் எழுத எவ்வளவு இடம் பிடிக்கும், ஐயா?

இதே போல, 'உயர் நீதிமன்றம் மனுவை நிராகரித்தது' என்றால் கீழ் நீதிமன்றம் சொன்னதை அது ஏற்றுக்கொண்டது என்று பொருளல்ல. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் போகின்றன, முழுமையாக விசாரிப்பது ஏறத்தாழ 60, 70 மட்டுமே. ஒன்பது பேரில் நால்வர் விரும்பினால்தான் ஒரு மனுவை எடுப்பார்கள்.

உயர் நீதிமன்றத்தில் வென்றவர் நேரே வீட்டுக்குப் போய்விடுவார் என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. புளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை மனிதர், பில்லியர்ட்ஸ் விடுதி ஒன்றை உடைத்துப் புகுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர். சட்டத்தரணி வைக்கக் காசில்லை, நீதிமன்றமும் நியமித்துத் தரவில்லை, தாமே வாதாடிச் சிறை சென்றார். சிறைக்கூடத் தாளில் பென்சிலால் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். தட்டச்சு இல்லை, முத்திரை இல்லை, கோடு போட்ட தாளில் கையெழுத்து மட்டும். சத்தியக்கடதாசியில் ஒரு திகதி பிழைத்ததற்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை வாசலிலேயே கண்டவள் நான், அந்தப் பென்சில் மனுவின் நிழற்படத்தை முதன்முதல் பார்த்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1963 மார்ச்சில் அவர் வென்றார். பாரிய குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே சட்டத்தரணி கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று. ஆனாலும் அவர் அன்று விடுதலையாகவில்லை. வழக்கு திரும்பவும் புளோரிடாவுக்குப் போய், இந்தமுறை ஒரு சட்டத்தரணி குறுக்குக் கேள்வி கேட்டு, ஆகஸ்டில் ஜூரி விடுவித்தது.

அரிசோனாவின் எர்னெஸ்டோ மிராண்டாவும் 1966இல் அதே நீதிமன்றத்தில் வென்றவர்தான். மௌனமாக இருக்கவும் சட்டத்தரணியைக் கேட்கவும் உனக்கு உரிமை உண்டு என்று பொலிஸ் சொல்லாமல் வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்று முடிவானது. அவருக்கும் மறுவிசாரணை வந்தது. வாக்குமூலத்தை விலக்கிவிட்டுப் பிற சாட்சியங்களைக் கொண்டே மீண்டும் குற்றவாளி என்றார்கள். ஒரே நீதிமன்றத்தில் ஒரே விதமான வெற்றி, ஒருவர் வீட்டுக்குப் போனார், மற்றவர் சிறைக்குத் திரும்பினார்.

வாக்குமூலம் என்றவுடன் இந்த ஊர் வாசகர் யோசிப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நமது சான்றுக் கட்டளைச் சட்டம் பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த ஒப்புதலை ஏற்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்ததை ஏற்கிறது, அது அச்சுறுத்தி வாங்கப்பட்டது என்று காட்டும் பொறுப்பையும் எதிரியின் தலையில் வைக்கிறது. தனக்குத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட தாளின் அடியில் தன் கையொப்பத்தைக் கண்டு, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று என்னிடம் கேட்ட முகங்களை இங்கே விரிக்க நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் மிராண்டா தீர்ப்பு ஏன் தேவைப்பட்டது என்று விளங்க அந்த முகங்கள் போதும்.

ஜூரி என்றால் மந்திரக்கோல் என்று நினைக்கும் நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமது நாட்டிலும் ஜூரி உண்டு. குறித்த சில பாரிய குற்றங்களில் எதிரி விரும்பினால் ஏழு பேர் கொண்ட ஜூரி முன் விசாரணை கேட்கலாம். எந்த மொழி பேசும் ஜூரி என்பதையும் எதிரியே தெரிந்தெடுக்கலாம். ஐந்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மை போதும். 1996 பெப்ரவரி 11 அன்று கிளிவெட்டிக்கு அருகே குமாரபுரத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக 20க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுரம் மேல் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. முன்னாள் இராணுவக் கோப்ரல்கள் ஆறு பேரையும் 2016 ஜூலை 27 அன்று ஜூரி விடுவித்தது.

அமெரிக்காவில் மட்டும் இப்படி நடக்காது என்று யாராவது சொன்னால் 1992ஐ நினைவூட்டுங்கள். ரொட்னி கிங் என்ற கறுப்பின மனிதரைப் பொலிசார் அடித்து நொறுக்கிய காட்சி வீடியோவிலேயே இருந்தது. வழக்கை லொஸ் ஏஞ்சல்சிலிருந்து சிமி வலி என்ற ஊருக்கு மாற்றினார்கள். ஜூரியில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. நான்கு பொலிசாரையும் ஏறத்தாழ எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார்கள். ஊர் பற்றி எரிந்தது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அங்கே அரசதரப்பு மேன்முறையீடு செய்யவே முடியாது. ஆனால் அது கலிபோர்னியா மாநிலத்தின் வழக்கு. சமஷ்டி அரசு தன் சட்டத்தின் கீழ், குடிமகனின் உரிமையைப் பறித்த குற்றத்துக்காக, தன் நீதிமன்றத்தில் புதிதாக வழக்குத் தொடுத்தது. 1993இல் அவர்களில் இருவர் குற்றவாளிகளாகி 30 மாதச் சிறை பெற்றார்கள். இங்கே சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்ய இடமுண்டு, ஆனால் வழக்குத் தொடரும் கை ஒன்றுதான். அந்தக் கை தளர்ந்தால் தட்டுவதற்கு வேறு கதவு கிடையாது.

இனி எங்கள் ஊர் வழக்குக்கு வருகிறேன். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் தந்தையான மருத்துவர், வேறு சிலருடன் சேர்ந்து 2011இல் வொஷிங்டன் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில், அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவுக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். சித்திரவதையாலும் சட்டத்துக்குப் புறம்பான கொலையாலும் பாதிக்கப்பட்டவர்கள் நட்டஈடு கேட்க வழிசெய்யும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான வழக்கு அது. சிவில் வழக்கு, அதன் முடிவில் யாரும் சிறைக்குப் போவதில்லை. இங்கே பலர் ஏதோ கைது நடக்கப்போகிறது என்று காத்திருந்தார்கள். 2012இல் வழக்குத் தள்ளுபடியானது, 2013இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 'அமெரிக்காவிலும் தோற்றுவிட்டார்கள்' என்று மத்திய வீதித் தேநீர்க் கடை வரை பேச்சு.

என்ன காரணத்துக்காகத் தள்ளுபடி? பதவியிலிருக்கும் அரசுத் தலைவருக்கு விலக்குரிமை உண்டு என்று அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் நீதிமன்றத்துக்கு எழுத்தில் தெரிவித்தது. அப்படித் தெரிவித்தால் நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டது. அந்தச் சட்டம் இந்த விலக்குரிமையை நீக்கவில்லை என்றும் நீதிபதிகள் கூறினார்கள். கடற்கரையில் நடந்தது என்ன, யார் பொறுப்பு என்ற கேள்விக்குள் எந்த நீதிபதியும் போகவில்லை. ஒரு சாட்சியும் அழைக்கப்படவில்லை. வாசலிலேயே நின்றுபோன வழக்கை, உள்ளே போய்த் தோற்ற வழக்கு என்று சொல்வது மகனை இழந்த தகப்பனுக்குச் செய்யும் அநியாயம்.

அதே மாணவர் கொலை வழக்கில் இங்கே நடந்ததும் அப்படித்தான் பேசப்பட்டது. 2019 ஜூலை 3 அன்று திருகோணமலை பிரதம நீதவான் 13 சந்தேகநபர்களையும் போதிய சாட்சியமில்லை என்று விடுவித்தார். நீதவான் கொலைக் குற்றத்துக்குத் தீர்ப்பளிப்பவர் அல்லர். மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதியது இருக்கிறதா என்று பார்க்கும் சுருக்கமுறையற்ற விசாரணை அது. அமெரிக்க சமஷ்டி முறையில் அந்த வேலையை 16 முதல் 23 குடிமக்கள் கொண்ட பெரிய ஜூரி மூடிய அறைக்குள் செய்கிறது. சாட்சிகள் ஊரைவிட்டு ஓட வேண்டிய நாட்டில் சாட்சியம் ஏன் போதவில்லை என்று ஊருக்கே தெரியும். அந்தக் காரணத்தையும் கட்டளையின் பக்கத்தில் எழுதுவதுதான் செய்தி.

வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் எழுதிய அந்தத் தீர்ப்பு சில பக்கங்களே. யாரும் எடுத்து வாசிக்கக்கூடிய பொது ஆவணம். உங்கள் ஞாயிறு பதிப்பில் இடம் தருவதானால் அதை முழுமையாகத் தமிழில் பெயர்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது, சன்மானம் வேண்டாம். தலைப்பை மட்டும் நான்தான் இடுவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
உவர்மலை, திருகோணமலை.